பன்னிரண்டரை முதல் மூன்று வரை

ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு வாரங்களில் எப்படித் தூங்கினீர்கள்?
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
ஜெனீவாவிலிருந்து திரையில் வந்த பெண்
என் பெயரை மூன்று முறை தவறாகச் சொல்லி
நான்காம் முறை மன்னிப்புக் கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லை சொல்வது என் வேலையில் பாதி.

மீதி, கையெழுத்து.

ஜெபல் அலியில் எங்கள் கிடங்கு.
ஐந்தாம் வரிசையில் தார்ப்பாய், ஆறில் கொசுவலை,
ஏழில் தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை.
எங்கோ ஓர் ஆறு கரை உடைக்கும்,
எங்கோ நிலம் ஒரு நிமிடம் தன்னை மறக்கும்,
அன்றிரவே என் கைபேசி அதிரும்.
பதினோரு வருடமாக அதிர்கிறது.
சும்மா இருக்கும் நாளிலும் தொடையில் அதிர்வதாகத் தோன்றும்,
தடவிப் பார்த்தால்
கைபேசி சமையலறையில் கிடக்கும்.

ஜூலை, ஒரு சனிக்கிழமை.
விமானம் மாலை ஆறரைக்கு.
நாலாயிரம் கூடாரத்தில் ஏறியிருந்தது ஆயிரத்து அறுநூறு.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை கூடாதென்பது இந்த ஊர்ச் சட்டம்.
அவசரத்துக்கு விலக்கு உண்டு,
விலக்குக்குப் படிவம் உண்டு,
படிவத்தின் அடியில் ஒரு கோடு உண்டு.
அந்தக் கோட்டின் மேல் நான் இருக்கிறேன்,
நீல மையில்.

நாலாயிரம் குடும்பம் என்று சொல்லிக்கொண்டேன்.
கணக்கு சரிதான்.
இப்போது போட்டுப் பார்த்தாலும் சரியாகவே வருகிறது.
அதுதான் உறுத்துகிறது.

இருதயராஜ், மூக்கையூர்க்காரர்,
இரண்டு நாற்பதுக்குப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.
களைப்பு என்று விட்டுவிட்டார்கள்.
பிறகு யாரையோ வலையை இழுடா, இழுடா என்றார்.
வேர்வை நின்றுபோயிருந்தது.
அதன்பின் பேசவில்லை.

விமானம் ஆறரைக்கே கிளம்பியது.
பாராட்டுக் கடிதம் வந்தது. எனக்கு.

ஒன்பதாம் நாள் வார்டில் கண் திறந்திருந்தார்.
சிறுநீரகம் பாதிதான் தேறுமாம்.
ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
"மேடம், அந்த ரெண்டரை மணி
ஓவர்டைம்ல வருமா?"

வரும் என்றேன்.
வரவைக்கப் பத்தொன்பது நாளானது,
மூன்று அலுவலகம், ஒரு ஒப்பந்தக்காரர், இரண்டு சண்டை.
ஐந்து லட்சம் திர்ஹத்துக்கு
அரை மணியில் ஒப்புதல் வாங்குகிறவள் நான்.

உங்களை நீங்களே குற்றம் சாட்டாதீர்கள் என்கிறாள் திரைப்பெண்.
இது அமைப்பின் தவறு.
முதலில் உங்கள் முகமூடியை மாட்டிக்கொள்ளுங்கள்,
பிறகு பக்கத்து இருக்கைக்காரருக்கு.
சரக்கு விமானத்தில் பக்கத்து இருக்கை கிடையாது
என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.
அவள் நல்லவள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

பழி பெரியது, பலபேருடையது,
பங்கு வைத்தால் உனக்குச் சில்லறைதான் விழும் என்றால்,
சரி, அந்தச் சில்லறையைக் கொடுங்கள்.
எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் மறுபடி வெள்ளம்.
மறுபடி அதே படிவம்.
கையெழுத்துப் போடவில்லை.
விமானம் ஒன்றரை மணி தாமதம்.
அந்த ஒன்றரை மணி எங்கோ யாரோ நனைந்திருப்பார்கள்,
கைக்குழந்தையோடும் இருக்கலாம்.
அவர்கள் பெயரை யாரும் எனக்கு அனுப்பப் போவதில்லை.
இதையும் நானேதான் எழுதிவைக்க வேண்டும்.

அன்று மதியம் ஓய்வறையில் அவர்களோடு இருந்தேன்.
ஏசி இரைந்தது. ஒருவர் மோர் ஊற்றித் தந்தார்.
பேஷாவர்க்காரர் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டார்.
ஏதோ விலைப்பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்கியது நினைவிருக்கிறது.
கழுத்து சாய்ந்து தூங்கிப்போயிருக்கிறேன்,
யாரோ காகிதங்களின் மேல் டம்ளரை வைத்திருக்கிறார்கள், பறக்காமல்.

தொடை அதிர்ந்தது. நிஜமாகவே.
எடுப்பதற்கு முன் மணி பார்த்தேன்.
இரண்டு நாற்பது.